சிறையில் இருந்துவிட்டு வந்த பெண்கள்: நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

தூறல்:
வங்கியில் எனக்கு முன்னால் ஒரு அம்மா. கணக்கு முடங்கிக் கிடந்தது. ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது, அந்த நம்பரோ இப்போது வேறு யாரோ கையில். அடையாளத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டதும் நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். சிறை விடுதலைச் சான்று. முத்திரையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே நீட்டினார். கவுண்டரில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜெயில்ல இருந்து வந்திருக்கீங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். வரிசையில் பேச்சே நின்றுவிட்டது. அந்த அம்மா காகிதத்தைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு போய்விட்டார். எடுக்க வந்தது அவருடைய சொந்தப் பணம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

விசாலம்:
எங்கள் தையல் பிரிவில் ஒரு பெண் சேர்ந்தார். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் அப்படி ஒரு கை. உள்ளே கற்றது என்பது பிறகுதான் கசிந்தது. ஒருநாள் யாருடைய பர்ஸோ காணவில்லை. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவராகவே எழுந்து வந்து தன் பையை மேசையில் கவிழ்த்தார். சீப்பு, மாத்திரை அட்டை, ஒரு சிறுமியின் பள்ளிக்கூடப் போட்டோ. பர்ஸ் கழிவறை ஜன்னலில் கிடைத்தது. மறுநாளிலிருந்து அவர் வரவே இல்லை. சேரும்போதே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று தோன்றுகிறது.

கரையோரம்:
விசாலம், சொல்லியிருந்தால் அந்த வேலையே கிடைத்திருக்காது. என் அக்கா உண்மையைச் சொன்ன இடத்திலெல்லாம் "கூப்பிடுகிறோம்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஆண் வெளியே வந்தால் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ வீட்டைக் காத்து வைத்திருப்பார்கள். என் அக்கா வந்தபோது அவள் துணிமணிகூட அந்த வீட்டில் இல்லை. இந்த நிலைமையில் நேர்மையை அவளிடம் மட்டும் எதிர்பார்ப்பது எப்படிச் சரி?

நிழல்மரம்:
விடுதலையாகும் பெண்களோடுதான் எனக்கு வேலை. ஒரு தாயை மகனிடம் அழைத்துப் போனேன். அவன் "வாங்க ஆன்ட்டி" என்றான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர், அதற்குப்பின் வாயே திறக்கவில்லை.

அது இருக்கட்டும். சொல்லலாமா மறைக்கலாமா என்பதைவிட முக்கியம் காகிதங்கள். வெளியே வருகிறவருக்கு அடையாள ஆவணம், தங்க இடம், வேலை, உடுக்கத் துணி, ஊர் போய்ச்சேர வழி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 108-ஆவது. பெண் கைதிகளுக்கென்றே 2010-இல் ஐ.நா.வில் வந்த பாங்காக் விதிகளும் உண்டு, மொத்தம் 70. விடுதலைக்குப் பிறகும் மனநல, மருத்துவ, சட்ட உதவி தொடர வேண்டும் என்கிறது அதில் 47-ஆவது. இவற்றைச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே இருக்கும்போதே அடையாள அட்டைக்கு மனு போடச் சொல்லுங்கள். சாப்பிடும் மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு வாங்கி வைக்கட்டும். பிள்ளை சட்டப்படி யார் பொறுப்பில் என்று நீதிமன்ற உத்தரவைப் படியுங்கள். போனதும் கூட்டி வந்துவிட முடியாது, வளர்த்தவர் கூட இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும். இன்னொன்று, முன்பு போதைப்பழக்கம் இருந்தவர்களுக்கு வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்து. உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் பழக்கம் போயிருக்கும், அதே அளவு உயிரையே எடுத்துவிடும். அந்த நாட்களில் தனியாக விடாதீர்கள்.

மீள்வரவு:
நான் உள்ளே இருந்துவிட்டு வந்தவள். நிழல்மரம், நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எனக்கு விடுதலை என்று முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னார்கள். மனு போட நேரம் எங்கே? அன்று ராத்திரி எங்கே படுப்பது என்பதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. விதியைச் சொல்லிக் கேட்கும் தைரியம் இருக்கிறவள் எங்கள் பிளாக்கில் ஒருத்தி கிடையாது. கூட யாராவது வந்து கேட்டால்தான் உண்டு.

விசாலம், அந்தப் பெண்ணின் நம்பர் யாரிடமாவது கிடைக்குமா? எங்கள் யூனிட்டில் ஓவர்லாக்குக்கு ஆள் தேடுகிறார்கள். நான் எங்கிருந்து வந்தேன் என்பது எங்கள் முதலாளியம்மாவுக்குத் தெரியும், அவரிடம் நானே பேசுகிறேன்.