ரிங் பஃபரில் பழைய காற்று: பேரியரா, லாக்கா?

ஆரல்_காத்து (செவ்வாய், இரவு 9.40)

ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக்கு அடியில் உள்ள கேபினில் எங்கள் பெட்டி ஒன்று ஓடுகிறது. காற்று வேக சென்சார் விநாடிக்கு 64 பதிவு அனுப்பும். ஒவ்வொரு பதிவிலும் சென்சாரே போட்ட வரிசை எண் இருக்கும். லினக்ஸ் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் உள்கருவில்) ஓடும் அதன் டிரைவர் நான் எழுதியது. இன்டரப்ட் (பதிவு வந்ததைச் சொல்லும் சிக்னல்) வந்ததும் அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் பதிவை 256 கட்டமுள்ள, கடைசிக் கட்டம் முடிந்தால் முதல் கட்டத்துக்கே திரும்பும் ரிங் பஃபரில் வைத்துவிட்டு, அடுத்து எழுதும் கட்டத்தைக் காட்டும் ஹெட் எண்ணை ஒன்று கூட்டும். பதிவைப் படிக்கும் ரீடர் த்ரெட் (தனியாக ஓடும் வேலை) ஹெட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஹெட்டும், அடுத்து படிக்கும் கட்டத்தைக் காட்டும் டெயிலும் வேறாக இருந்தால் டெயில் கட்டத்தை எடுக்கும். அவ்வளவுதான்.

ஒற்றை கோர் (சிபியு மையம்) போர்டில் மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. போன மாதம் 4 கோர் ஏஆர்எம் போர்டுக்கு மாறினேன். இப்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு தப்புப் பதிவு வருகிறது. அதே கோடு என் இன்டெல் லேப்டாப்பில் போலி சென்சாரோடு நான்கு நாள் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. போர்டு கோளாறா?

மார்த்தாண்டம்_தேன்கூடு (இரவு 9.58)

போர்டேதான். ஆடி மாதக் காற்றில் அந்த கேபினுக்குள் தூசி, சூடு, கரண்ட் ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு. கிரவுண்டிங்கைப் பாருங்கள். அதோடு ஹெட்டை வோலட்டைல் (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்று, கோடை ஆணைகளாக்கும் கம்பைலருக்குச் சொல்லும் சொல்) என்று அறிவித்தீர்களா? அதைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இருபது வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.

குளச்சல்_அலை (இரவு 10.20)

தப்புப் பதிவு என்றால் என்ன தப்பு? குப்பை எண்ணா, இல்லை ஒழுங்கான பதிவு தப்பான இடத்தில் வருகிறதா? அதன் வரிசை எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆரல்_காத்து (இரவு 11.05)

லாகைத் தோண்டினேன். மூன்று சம்பவம். மூன்றிலும் பதிவு ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் வர வேண்டிய எண்ணுக்குப் பதில் அதைவிடச் சரியாக 256 குறைந்த எண் வந்திருக்கிறது. நான்கு விநாடிக்கு முந்தைய காற்று.

குளச்சல்_அலை (இரவு 11.31)

அப்படியானால் போர்டை விட்டுவிடுங்கள். தூசிக்கும் கரண்டுக்கும் 256 வரை எண்ணத் தெரியாது. ரிங்கின் முந்தைய சுற்றில் அதே கட்டத்தில் கிடந்த பதிவைத்தான் ரீடர் எடுத்திருக்கிறது. ஹெட் கூடிவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிட்டது, ஆனால் கட்டத்துக்குள் புதுப் பதிவு வந்து சேர்ந்தது தெரியவில்லை.

நீங்கள் எழுதிய வரிசை: முதலில் பதிவு, பிறகு ஹெட். ஏஆர்எம் கோருக்கு அந்த இரண்டும் வெவ்வேறு மெமரி முகவரிக்குப் போகும் இரண்டு எழுத்து (எழுதும் செயல்), அவ்வளவே. மற்ற கோர்களின் கண்ணுக்கு ஹெட் முதலில் தெரியலாம். அதை அந்தக் கட்டமைப்பு அனுமதிக்கிறது. இன்டெல்லில் ஒரு கோர் எழுதியவை எழுதிய வரிசையிலேயே மற்றவற்றுக்குத் தெரியும், படிப்பும் படித்த வரிசைதான். லேப்டாப்பில் நான்கு நாள் ஓடியதற்கு அதுதான் காரணம். ஒற்றை கோரில் கேள்வியே எழாது, ஒரு கோர் தன் எழுத்தைத் தானே எப்போதும் வரிசையாகத்தான் பார்க்கும்.

வோலட்டைல் கம்பைலரின் கையை மட்டும்தான் கட்டும். கம்பைலர் ஒழுங்கான வரிசையில் ஆணைகளைக் கொடுத்த பிறகும் சிபியு மாற்றலாமே, அதை எப்படித் தடுக்கும்? லினக்ஸ் கெர்னல் ஆவணங்களில் வோலட்டைலைத் தவிர்க்கச் சொல்லித் தனிப் பக்கமே இருக்கிறது.

ஹெட்டைக் கூட்டும் இடத்தில் ஸ்டோர்-ரிலீஸ் போடுங்கள், வரிசை மாறாமல் தடுக்கும் பேரியர் உள்ள எழுத்து அது. அதற்கு முன்னால் எழுதியது எல்லாம் தெரிந்த பிறகுதான் ஹெட் தெரியும்.

குலசேகரம்_ஷீட்டு (புதன், காலை 6.15)

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பேரியர் பாடமா? தம்பி, ஒரு ஸ்பின்லாக் போடுங்கள், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு. ஹேண்ட்லரில் எடுத்து விடுங்கள். ரீடரில் இன்டரப்டை மூடும் வகை லாக், இல்லாவிட்டால் ரீடர் லாக்கோடு இருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்து தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ளும். லாக் எடுப்பதிலும் விடுவதிலும் வேண்டிய பேரியர் உள்ளேயே இருக்கிறது. விநாடிக்கு 64 தடவைக்கு லாக் செலவைப் பேசுவது, சைக்கிளில் வடசேரி போகிறவன் டீசல் விலையைக் கேட்கிற மாதிரி.

கெர்னலின் மெமரி பேரியர் ஆவணத்தைப் படித்திருக்கிறீர்களா? இது முழுமையானதல்ல, வேண்டுமென்றே சிலதும் மனிதர்கள் எழுதியதால் சிலதும் விட்டுப்போயிருக்கும் என்று அதன் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர்களே கையைத் தூக்குகிற இடத்தில் நமக்கு என்ன வேலை?

குளச்சல்_அலை (காலை 8.02)

அண்ணாச்சி, ரீடர் தூங்காமல் சுற்றுகிறது என்பதைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு சுற்றிலும் அது லாக்கை எடுத்து இன்டரப்டை மூடித் திறக்கும். 64 தடவை இல்லை, லட்சக்கணக்கில். எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்றால் லாக் தேவையே இல்லை. ஒருவர், ஒருவர். அந்த நிபந்தனையை மட்டும் மறக்கக் கூடாது.

குலசேகரம்_ஷீட்டு (காலை 8.20)

சுற்றுவதே தப்பு. பதிவு இல்லாவிட்டால் தூங்கட்டும், ஹேண்ட்லர் எழுப்பட்டும்.

ஆரல்_காத்து (வியாழன், இரவு 9.10)

ஸ்டோர்-ரிலீஸ் போட்டேன். இன்று மதியம் மறுபடி ஒன்று. அதே 256. இடையில் பிரிண்ட் வரி சேர்த்துப் பார்த்தால் வருவதில்லை. எடுத்தால்தான் வருகிறது. என்ன எளவு இது.

மார்த்தாண்டம்_தேன்கூடு (இரவு 9.22)

சொன்னேன் இல்லையா.

குளச்சல்_அலை (இரவு 9.50)

ரீடர் பக்கம் என்ன போட்டீர்கள்? ஒன்றும் போடவில்லை என்றால் வரத்தான் செய்யும். பேரியர் எப்போதும் ஜோடி. எழுதுபவர் வரிசையாகவே எழுதினாலும் படிப்பவர் தலைகீழாகப் படித்தால் என்ன பயன்?

ஆரல்_காத்து (இரவு 10.04)

ஆனால் ரீடரில் ஹெட் மாறியதா என்று இஃப் நிபந்தனை வைத்துப் பார்த்த பிறகுதானே கட்டத்தையே தொடுகிறேன்? இஃப் தாண்டாமல் எப்படி உள்ளே போகும்?

குளச்சல்_அலை (இரவு 10.41)

நல்ல கேள்வி. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுவோம், நானும் விழுந்திருக்கிறேன்.

ஹெட்டின் மதிப்பு வந்து சேரும் வரை சிபியு சும்மா நிற்பதில்லை. கிளை எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து, கட்டத்தை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளலாம். அந்த நொடியில் கட்டத்தில் இருப்பது பழைய சுற்றின் பதிவு. அதற்குப் பிறகு ஹேண்ட்லர் புதுப் பதிவை வைக்கிறது, ஹெட்டைக் கூட்டுகிறது. இப்போது ஹெட் வந்து சேர்கிறது, கூடியிருக்கிறது. ஊகம் சரி! ஊகம் சரியாகிவிட்டதால் முன்பே படித்ததைச் சிபியு தூக்கிப் போடாது. உங்கள் கையில் நான்கு விநாடிப் பழைய காற்று. இஃப்புக்குப் பின்னால் வரும் எழுத்தை இஃப் கட்டுப்படுத்தும், படிப்பைக் கட்டுப்படுத்தாது.

ஹெட்டைப் படிப்பதை லோட்-அக்வயர் ஆக்குங்கள், பின்னால் உள்ள படிப்பு அதை முந்தாது. அப்புறம் டெயில். கட்டத்தைப் படித்து முடித்த பிறகு டெயிலை நகர்த்துவதும் ஸ்டோர்-ரிலீஸாக இருக்கட்டும், எழுதும் பக்கம் அதை அக்வயரோடு படிக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் படித்து முடிக்கும் முன்பே கட்டம் காலி என்று ஹேண்ட்லர் மேலே எழுதலாம். பிரிண்ட் வரி போட்டால் மறைவதில் மாயம் இல்லை. அது நேரத்தைத் தின்கிறது, அதன் உள்ளே லாக்குகளும் உண்டு.

பார்வதிபுரம்_பாலம் (இரவு 11.15)

கல்லூரி மாணவன், தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும். பேரியர் என்றால் கேஷில் (கோருக்குப் பக்கத்தில் உள்ள வேகமான சிறு மெமரியில்) இருப்பதை மெயின் மெமரிக்கு எழுதித் தள்ளுவது என்று வகுப்பில் சொன்னார்கள். அதுதானே?

குலசேகரம்_ஷீட்டு (வெள்ளி, காலை 6.05)

இல்லை மக்கா. கேஷ்கள் தங்களுக்குள் பேசி எப்போதும் ஒத்துப்போகும். சிக்கல் கேஷுக்கு முன்னால் உள்ள ஸ்டோர் பஃபரில், எழுத வேண்டியவை காத்திருக்கும் இடத்தில். எங்கள் அப்பாவின் ரப்பர் ஷீட் கடையை வைத்துச் சொல்கிறேன்.

கடையில் இரண்டு தராசு, இரண்டு ஆள், சுவரில் ஒரே ஒரு சிலேட்டு. லாரி ஒன்றுதான். லாரி வேண்டுமென்றால் தராசுக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையனிடம் கொடுப்பார், பையன் கை ஒழிந்தபோது சிலேட்டில் ஏற்றுவான். சீட்டைக் கொடுத்த கையோடு சிலேட்டைப் பார்ப்பார். மற்றவர் பெயர் இல்லை என்றால் லாரி இவருக்கு. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சீட்டைக் கொடுத்தார்கள். இரண்டு சீட்டும் பையன் கையில். இரண்டு பேர் கண்ணுக்கும் சிலேட்டு காலி. ஒரே லாரியில் இரண்டு பக்கமிருந்தும் ஷீட் ஏற ஆரம்பித்தது. அன்று நடந்த சண்டை இன்னும் நினைவிருக்கிறது.

முழு பேரியர் என்பது, பையன் சிலேட்டில் எழுதி முடிக்கும் வரை நின்றுவிட்டு, பிறகு சிலேட்டைப் பார்ப்பது. அவ்வளவுதான்.

இந்த ஒரு சறுக்கல் இன்டெல்லிலும் உண்டு. எழுதிவிட்டு வேறு இடத்தைப் படித்தால் படிப்பு முந்திக்கொள்ளலாம். அதனால் இன்டெல்லில் பேரியர் வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நானே பட்டிருக்கிறேன். பழைய வேலையில் ஒரு டிரைவர் த்ரெட், தூங்கப்போகிறேன் என்று நிலையை எழுதிவிட்டு, வேலை வந்ததா என்று கொடியைப் பார்க்கும். எழுப்புகிறவர் கொடியை ஏற்றிவிட்டு, தூங்குகிறதா என்று நிலையைப் பார்ப்பார். நிலையை எழுதும் இடத்தில் பேரியர் இல்லாத வடிவத்தை எடுத்துப் போட்டிருந்தேன், வேகமாம். இரண்டு சிபியு இன்டெல் பெட்டியில் வாரத்துக்கு ஒரு தடவை த்ரெட் தூங்கியே போகும், எழுப்ப ஆளில்லை. ஒரு மாதம் தின்றது. ஆரல் தம்பி, தூங்க வைப்பதாக இருந்தால் கெர்னலில் ஆயத்தமாக உள்ள வெயிட்-ஈவென்ட்டை எடுங்கள். சொந்தமாக எழுத வேண்டாம்.

குளச்சல்_அலை (காலை 7.30)

சீட்டுக் கதைக்கு நன்றி அண்ணாச்சி, இனி நானும் இதைத்தான் சொல்லுவேன். ஆனால் பாருங்கள், லாக்கே போதும் என்ற நீங்கள் ஒரு மாதம் தேடியது பேரியர் பிழையை. தெரிந்திருக்கத்தானே வேண்டும்?

குலசேகரம்_ஷீட்டு (காலை 7.41)

தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு லாக் போட வேண்டும். 1996-இல் 2.0 கெர்னலோடு வந்த, கெர்னல் முழுதுக்குமான ஒரே பெரிய லாக்கை 2011-இல் 2.6.39-இல்தான் முழுதாக எடுத்தார்கள். 15 வருடம் உலகம் ஓடவில்லையா?

குளச்சல்_அலை (காலை 7.55)

ஓடியது. அதை எடுக்க 15 வருடம் ஏன் பட்டார்கள் என்றும் சொல்லுங்கள்.

ஆரல்_காத்து (அடுத்த வெள்ளி, இரவு 9.00)

இரண்டு பக்கமும் அக்வயர், ரிலீஸ். ஆறு நாள். தப்பு 0. ஒரு நாளைக்கு 55 லட்சத்துக்கு மேல் பதிவு, ஒன்றுகூடப் பிசகவில்லை. அலை அண்ணனுக்கு ஒரு கட்டு மட்டிப்பழம் பாக்கி.

நேற்று கியர்பாக்ஸ் அதிர்வு சென்சாரையும் இதே ரிங்கில் சேர்த்தேன். கோர் 0-இல் கூட்டமாக இருந்ததால் அதன் இன்டரப்டை கோர் 1-க்கு மாற்றினேன். இன்று காலை ஒரு காற்றுப் பதிவைக் காணவில்லை. பழையது வரவில்லை, எண்ணே தாவிவிட்டது. இன்னொரு பேரியர் எங்கே போடுவது?

குலசேகரம்_ஷீட்டு (இரவு 9.03)

😂

குளச்சல்_அலை (இரவு 9.25)

எங்கேயும் போட வேண்டாம். ஒருவர் எழுத, ஒருவர் படிக்க என்று நிபந்தனை சொன்னேனே! இப்போது எழுதுபவர் இரண்டு. இருவரும் ஹெட் 40 என்று படிக்கிறார்கள், இருவரும் கட்டம் 40-இல் வைக்கிறார்கள், இருவரும் 41 என்று எழுதுகிறார்கள். ஒரு பதிவு அழிந்தது. இதில் வரிசை எதுவும் மாறவில்லை, ஆகவே வரிசையைக் காக்கும் பேரியரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒற்றை கோரில் ஒரு ஹேண்ட்லர் முடிந்துதான் அடுத்தது வரும், அதனால் பிழைத்திருப்பீர்கள்.

எழுதும் பக்கம் லாக் போடுங்கள். அண்ணாச்சி ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கேசிசான் என்ற சோதனைக் கருவி 2020-இல் 5.8 கெர்னலில் சேர்ந்தது. பாதுகாப்பில்லாமல் இரண்டு கோர் ஒரே இடத்தைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும். சிபியு வரிசையை மாற்றும் வரை அது காத்திருக்காது, உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு.

மார்த்தாண்டம்_தேன்கூடு (இரவு 9.40)

என் டிரைவர்கள் எல்லாம் இன்றும் வோலட்டைலில்தான் ஓடுகின்றன.

பார்வதிபுரம்_பாலம் (இரவு 9.44)

எத்தனை கோர் சார்?

மார்த்தாண்டம்_தேன்கூடு (இரவு 9.52)

ஒன்று.

ஆரல்_காத்து (சனி, காலை 10.15)

லாக் போட உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. சென்சாருக்கு ஒரு ரிங் என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் எழுதுபவர் ஒருவர்தான். ரீடர் இரண்டையும் பார்க்கும், இல்லாதபோது வெயிட்-ஈவென்ட்டில் தூங்கும். நாளை ஆரலுக்குப் போய் ஏற்றுகிறேன்.

குலசேகரம்_ஷீட்டு (காலை 10.30)

கடைசி வரை பூட்டு வாங்க மாட்டீர்கள், வீட்டையே இரண்டாகக் கட்டுவீர்கள். சரி, மூன்றாவது சென்சார் வந்தால்?

ஆரல்_காத்து (காலை 10.33)

வரட்டும் அண்ணாச்சி.