பி.டி.சி. தாள் சோதனை இனியும் பள்ளி ஆய்வகத்தில் வேண்டுமா?

ஆய்வகச்சாவி:

பி.டி.சி. தாள் தெரியாதவர்களுக்கு: பினைல்தயோகார்பமைடு கரைசலில் நனைத்துக் காயவைத்த சிறு வடிதாள் துண்டு அது. நாக்கில் வைத்தால் சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்கு வெறும் காகிதம். 1931இல் அமெரிக்காவில் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் இந்தத் தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து மரபியல் செய்முறை என்றாலே இந்தத் தாள்தான். "கசப்பு தெரிவது ஓங்கு பண்பு, தெரியாதது ஒடுங்கு பண்பு. வீட்டில் எல்லாருக்கும் வைத்துப் பார்த்து வம்சப்படம் வரைந்து வா."

இதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

பாடத்தில் சொல்வதுபோல் இது ஒற்றை மரபணு, அதற்கு இரண்டு அல்லீல் (மாற்று வடிவம்), அவ்வளவுதான் என்றால், கசப்பு தெரியாத தாய்க்கும் தந்தைக்கும் கசப்பு தெரிகிற பிள்ளை பிறக்கவே முடியாது. ஆனால் லாரன்ஸ் ஸ்னைடர் 1932இல் வெளியிட்ட குடும்பக் கணக்கிலேயே அத்தகைய பெற்றோரின் 223 பிள்ளைகளில் 5 பேருக்குக் கசந்திருக்கிறது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கிற பிள்ளை மறுநாள் எந்தக் கேள்வியோடு வகுப்புக்கு வரும்? அந்தக் கேள்வியை எழுப்பும் உரிமை ஒரு செய்முறை வகுப்புக்குக் கிடையாது.

அடுத்தது, இந்தப் பொருளே நஞ்சு. வாய்வழியாகக் கொடுத்தால் எலிகளில் பாதி சாகும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். தாளில் இருப்பது அதற்கு மிக மிகக் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தாளிலும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பார்த்த ஆசிரியர் யார்?

கரைசல்14:

சாவி ஐயா, வம்சப்படம் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் குற்றவாளி தாள். தண்டனையைப் பி.டி.சி.க்குக் கொடுக்கிறீர்கள்.

தாள் கேட்பது ஆம் அல்லது இல்லை என்ற ஒரே கேள்வி. வாய் காய்ந்திருந்தால் பொருள் கரைந்து வராது. பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்தே பாதிப் பேருக்குக் கசந்துவிடும். வெறும் தாளுக்கே ஒரு சுவை உண்டு, அதைக் கசப்பு என்று சொல்பவர்களும் உண்டு. "கசப்பு தெரிவது பின்நாக்கில்" என்று தாளை உள்ளே தள்ளிக் குமட்ட வைக்கும் ஆசிரியர்கள் வேறு. நாக்கு வரைபடம் என்று நாம் படித்தது, ஹேனிக் 1901இல் கண்ட மிகச் சிறிய வேறுபாடுகளைப் பிற்காலத்தவர் ஊதிப் பெருக்கியது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லா ஓரங்களிலும் தெரியும்.

சரியான முறையை ஹாரிஸும் கால்மஸும் 1949இலேயே தந்துவிட்டார்கள். ஒரு லிட்டர் நீரில் 1.3 கிராம் பி.டி.சி. என்பது 1ஆம் எண் கரைசல். அதைப் பாதியாக்கினால் 2, மறுபடி பாதியாக்கினால் 3, இப்படியே 14 வரை. 14ஆம் கரைசலில் லிட்டருக்கு 0.16 மி.கி.தான் மிஞ்சும். சுவைப்பவருக்கு நீர்த்த பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்து, "ஏதோ தெரிகிறது" என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகுதான் உண்மையான சோதனை. எட்டுக் குவளை, நாலில் அந்தக் கரைசல், நாலில் வெறும் நீர், கலைத்து வைத்து நாலு நாலாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகப் பிரிக்க 70இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. நடிப்பும் ஊகமும் அங்கே அடிபட்டுப்போகும்.

கிடைப்பது ஆளுக்கொரு எண். வகுப்பின் எண்களைக் கரும்பலகையில் கட்டம் கட்டமாக அடுக்கினால் இரண்டு மேடும் நடுவே ஒரு பள்ளமும் தெரியும். பள்ளத்திலும் சிலர் நிற்பார்கள். ஒரு பண்பு எவ்வளவு தூரம் பரம்பரை, எவ்வளவு தூரம் இல்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற இடம் அது. இதற்கு ஈடான செய்முறை வேறு எது?

ஆய்வகச்சாவி:

உங்கள் 1ஆம் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.3 மி.கி. குவளைக்கு 5 மி.லி. என்று வைத்தால் 6.5 மி.கி. நாலு குவளை சேர்ந்து 26 மி.கி. எலிக் கணக்கை அப்படியே 40 கிலோ பிள்ளைக்கு நீட்டினால் 120 மி.கி. வருகிறது. எலியும் மனிதரும் ஒன்றல்ல என்பது தெரியும். இருந்தாலும் அந்த எண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பிள்ளையின் வாயில் ஊற்றச் சொல்கிறீர்கள். அதிலும் கசப்பே தெரியாத பிள்ளைதான் கடைசிவரை போய் அதிகம் குடிக்கும். கசப்பு என்னும் காவலாளி இல்லாதவருக்கே அதிக நஞ்சு போகிறது.

கரைசல்14:

கணக்கு சரி. மூல முறையை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

5ஆம் எண்ணோடு நிறுத்திவிடலாம். அது லிட்டருக்கு 81 மி.கி. ஐந்து மி.லி.யில் 0.4 மி.கி., நாலு குவளையில் 1.6 மி.கி. அதையும் விழுங்கக் கூடாது, வாயில் சுழற்றித் துப்ப வேண்டும். அதுவரை தெரியாதவரை "5 வரை இல்லை" என்று குறித்தால் போதும். பள்ளம் பெரும்பாலும் 4, 5 பக்கம்தான் விழும் என்பதால் மேலே போய்ப் புதிதாக அறிவது குறைவு.

தயாரிப்பு: 81 மி.கி. தூளை ஆசிரியர் மட்டும், முகக்கவசமும் கையுறையும் அணிந்து நிறுக்க வேண்டும். பள்ளித் தராசு 10 மி.கி. படியில்தான் காட்டும் என்று கவலைப்பட வேண்டாம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே இரு மடங்கு வேறுபாடு இருக்கும்போது பத்து, பதினைந்து விழுக்காடு பிழை யாரையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளாது. குளிர்ந்த நீரில் போட்டால் தூள் மேலே மிதக்கும். கொதித்து இறக்கிய ஒரு லிட்டர் நீரில் போட்டுக் கலக்கி, அறை வெப்பத்துக்கு ஆறவிட வேண்டும். பிறகு 500 மி.லி. எடுத்து 500 மி.லி. நீர் சேர்த்தால் 6. இப்படி ஒன்பது முறை செய்தால் 14.

பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். அளவுக்குழாயைக் கழுவாமல் அடுத்ததற்குப் போவார்கள். 5ஆம் கரைசல் வெறும் 5 மி.லி. அரை லிட்டர் 14ஆம் கரைசலில் கலந்தால்கூட அதன் செறிவு சுமார் ஆறு மடங்காகிவிடும். இரண்டு படிக்கு மேல் தாவிவிடும். ஒவ்வொரு படிக்கும் தனிக் குழாய், இல்லையென்றால் மூன்று முறை கழுவல். இன்னொன்று, வெறும் நீர்க் குவளைகளுக்கும் அதே கொதித்து ஆறிய நீரையே ஊற்ற வேண்டும். அங்கே குழாய்த் தண்ணீர், இங்கே கொதித்த தண்ணீர் என்றால் பிள்ளைகள் பி.டி.சி.யை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிரித்துக் காட்டிவிடுவார்கள். எட்டும் சரியாக இருக்கும், அளந்தது மட்டும் வேறு.

நாவரும்பு:

நஞ்சே இல்லாத வழி இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? நாக்கு நுனியில் நீல உணவுச்சாயம் தடவுங்கள். நாக்கில் உள்ள பாப்பில்லா என்னும் சிறு முளைகளில் நூல் போன்றவை நீலமாகும், காளான் வடிவப் பாப்பில்லாக்கள் சாயம் ஏறாமல் இளஞ்சிவப்பு மொட்டுகளாக நிற்கும். கோப்புத் தாளின் துளையைச் சுற்றி ஒட்டும் வளையத்தை நுனியில், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, 6 மி.மீ. வட்டத்துக்குள் இருப்பதை எண்ணுங்கள். அதிகம் இருந்தால் கசப்பை மிகையாக உணர்பவர். லிண்டா பார்ட்டோஷுக் 'சூப்பர் டேஸ்டர்' என்று பெயரிட்ட கூட்டம் இதுதான். கைபேசிக் கேமராவே போதும்.

ஜெல்அறை:

நாவரும்பு, எண்ணும் முறை சரி. அதிலிருந்து இறக்குகிற முடிவுதான் சிக்கல்.

டென்வர் இயற்கை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களையே பங்கேற்பாளர்களாக வைத்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், காளான் பாப்பில்லா அடர்த்திக்கும் புரோப் என்னும் பொருளின் கசப்புக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. புரோப் என்பது பி.டி.சி.யின் உறவுக்காரப் பொருள், தைராய்டு மருந்து, பி.டி.சி. போல் அதற்கு வாடை கிடையாது. அமெரிக்காவின் பீவர் டாம் ஊரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த 2013 ஆய்விலும் அப்படியே. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. காளான் பாப்பில்லா ஒன்றில் சராசரியாகச் சில சுவை அரும்புகள்தான் இருக்கும், ஒன்றுகூட இல்லாதவையும் உண்டு. நீங்கள் எண்ணுவது வீடுகளை. உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதை அல்ல.

நாவரும்பு:

2008இல் ஹேய்ஸும் பார்ட்டோஷுக்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் தொடர்பு வந்ததே? மரபணு வகையைத் தனியே பிரித்த பிறகும் பாப்பில்லா எண்ணிக்கை கசப்பின் வலுவோடு சேர்ந்து போனது. பெரிய கூட்டத்தில் தொடர்பு கரைந்துபோவதற்குக் கூட்டமே காரணமாக இருக்கலாம். வயது ஏற ஏற எண்ணிக்கை குறையும், புகைப்பவருக்கும் குறையும். நுனி நாக்கின் சுவையைச் சுமக்கும் கார்டா டிம்பனி நரம்பு நடுச்செவி வழியாகப் போகிறது. சிறுவயதில் காதில் சீழ் வந்தவருக்கு அது பழுதாகியிருக்கலாம். எல்லாரையும் ஒரே சாக்கில் கொட்டினால் எது தெரியும்?

ஜெல்அறை:

அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த விவாதம் திறந்திருக்கும்போது, ஒரு பிள்ளையின் நாக்கில் 35 புள்ளி எண்ணிவிட்டு "நீ சூப்பர் டேஸ்டர்" என்று சொல்ல முடியாது. எண்ணுபவரே பிழையின் பெரிய ஊற்று. ஒரே படத்தை இருவரிடம் கொடுத்துப் பாருங்கள். நூல் பாப்பில்லா கொத்தாக நிற்பதை ஒருவர் சேர்ப்பார், மற்றவர் விடுவார். டென்வர் குழுவினர் இதற்காகவே வடிவம், நிறம், அளவு, உயரம் ஆகியவற்றை வைத்து எதை எண்ணலாம், எதை விடலாம் என்று 2015இல் ஒரு படிமுறையே எழுதினார்கள். எண்ணுவதைப் பிழை கற்கும் பாடமாக வையுங்கள், நான் கூடவே நிற்பேன்.

பரம்பரைக்கு என்னைக் கேட்டால் மரபணுவையே பார்க்கலாம். 2003இல் டென்னிஸ் டிரைனா குழு கண்டது டாஸ்2ஆர்38 என்ற மரபணு, 7ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது ஆக்கும் புரதத்தில் 49, 262, 296 ஆகிய மூன்று இடங்களில் மாற்றம். அங்கே முறையே புரோலின், அலனின், வாலின் என்னும் அமினோ அமிலங்கள் இருந்தால் கசப்பு தெரியும். அலனின், வாலின், ஐசோலூசின் என்றால் பெரும்பாலும் தெரியாது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 55 முதல் 85 விழுக்காடுவரை இந்த மரபணு விளக்கிவிடுகிறது. மீதிதான் ஸ்னைடரின் அந்த 5 பிள்ளைகள் நிற்கிற இடம்.

செய்முறை: கன்னத்தின் உட்புறச் செல்லிலிருந்து டி.என்.ஏ., பி.சி.ஆர். என்னும் பிரதியெடுப்பு மூலம் 221 கார இணை நீளத் துண்டு, டி.என்.ஏ.வை வெட்டும் ஹே-3 நொதி. கசப்பு தெரியும் அல்லீலை அது 177, 44 என்று வெட்டும். தெரியாத அல்லீலை வெட்டாது. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 44 மங்கி ஓடிவிடும், பி.சி.ஆரில் மிஞ்சிய பிரைமர்த் துணுக்குகளின் கறையோடு கலந்தும் போகும். அதைத் தேடாதீர்கள், 221ஐயும் 177ஐயும் மட்டும் பாருங்கள். வெட்டு அரைகுறையாக நின்றால் இரண்டும் கசப்பு அல்லீலாக உள்ளவரும் இரு வகை அல்லீலும் உள்ளவர்போல இரண்டு பட்டை காட்டுவார். இரண்டும் கசப்பு அல்லீல் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியைக் கூடவே ஓட்டாவிட்டால் இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

ஆய்வகச்சாவி:

நொதி பார்ப்பது 49ஆம் இடத்தை மட்டும்தானே? மற்ற இரண்டு இடமும் கலந்து வரும் அரிய சேர்க்கைகள் உள்ளவருக்கு உங்கள் ஜெல் சொல்வதும் நாக்கு சொல்வதும் வேறாகும். அதோடு, தாளே பெற்றோர் பற்றிய சந்தேகத்தைக் கிளப்பும் என்று நான் அஞ்சினால், நீங்கள் டி.என்.ஏ.வையே எடுத்து மேசையில் வைக்கிறீர்கள்.

ஜெல்அறை:

முதலாவது உண்மை, அதைப் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவதற்கு விடை, குடும்பத்தைத் தொடாமல் இருப்பது. மாதிரிக்குப் பெயர் இல்லாமல் எண் மட்டும், பெற்றோர் மாதிரி வேண்டவே வேண்டாம். பரம்பரைக்குக் குடும்பம்தான் வேண்டும் என்பதில்லை. 1939இல் ஃபிஷர், ஃபோர்டு, ஹக்ஸ்லி மூவரும் எடின்பரோ விலங்குக்காட்சி சாலையில் சிம்பன்சிகளுக்கு பி.டி.சி. கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் கசந்தவை, கசக்காதவை என இரண்டு கூட்டம். நமக்கும் அவற்றுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்தே இந்த வேறுபாடு வந்தது என்று நினைத்தார்கள். 2006இல் மரபணுவைப் பார்த்தபோது, சிம்பன்சியில் கெட்டிருந்தது புரதம் தொடங்கும் இடமே. மனிதனில் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தனித்தனியாக நேர்ந்தவை. எந்தப் பிள்ளையின் வீட்டுக்குள்ளும் நுழையாமல் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

நாவரும்பு:

ஒரு சந்தேகம். பி.டி.சி. கசக்காதவருக்குப் பாகற்காயும் கசக்காது என்று சில வகுப்புகளில் சொல்கிறார்களே?

கரைசல்14:

தவறு. கசப்பைப் பிடிக்கும் ஏற்பிப் புரதங்கள் மனிதனுக்கு ஏறத்தாழ 25, டாஸ்2ஆர்38 மரபணு ஆக்குவது அவற்றில் ஒன்று. டாஸ்2ஆர்38 பிடிப்பது முக்கியமாக நைட்ரஜன், கார்பன், கந்தகம் அடுத்தடுத்துச் சேர்ந்த அமைப்பை. முட்டைக்கோஸ், கடுகுக் குடும்பத்தில் அந்த அமைப்புள்ள பொருள்கள் உண்டு. பாகற்காயின் கசப்புப் பொருளில் அந்த அமைப்பு இல்லை, அதைப் பிடிப்பவை வேறு ஏற்பிகள். பி.டி.சி. துளியும் தெரியாதவர் பாகற்காய்ப் பொரியலைத் தள்ளிவைப்பதில் வியப்பேயில்லை.

ஆய்வகச்சாவி:

கரைசல்14, 5இல் நிறுத்துவதாக இருந்தால், துப்புவதாக இருந்தால், பலகையில் பெயர் வராது என்றால், தயாரிப்பு ஆசிரியர் கையில் மட்டும் என்றால், என் எதிர்ப்பைத் தாளோடும் வம்சப்படத்தோடும் நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுக்கு ஒரு துண்டுகூடப் போகக் கூடாது, அதில் இறங்கிவர மாட்டேன். ஆனால் 40 பேர், எட்டு எட்டுக் குவளை, ஒரே பாடவேளை. முடியுமா?

கரைசல்14:

ஒரு பாடவேளையில் முடியாது. முதல் நாள் 14இலிருந்து ஏறுவது மட்டும், ஆளுக்கு ஒரு எண் கிடைக்கும். ஒவ்வொரு கரைசலுக்கும் நடுவே வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் விட வேண்டும், ஏனென்றால் பி.டி.சி. கசப்பு நாக்கில் தங்கிவிடும், அடுத்ததை மறைக்கும். இரண்டாம் நாள் பிரிக்கும் சோதனை, அவரவர் எண்ணில் மட்டும். எட்டில் ஒன்றைத் தவறாகப் பிரித்தாலும் அடுத்த வலுவான கரைசலுக்குப் போக வேண்டும், 5ஐத் தாண்டாமல். குவளைக்கு அடியில்தான் எண் இருக்க வேண்டும். எது எதில் என்று தெரிந்த பிள்ளை கொடுக்கிற இடத்தில் நிற்கக் கூடாது.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 40 பேரில் பள்ளம் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். மூன்று பிரிவுகளின் எண்களையும் ஒரே பலகையில் சேர்த்து எழுதுங்கள், 120 புள்ளிகள் விழட்டும்.