விடியலுக்கு முன் ஐந்து முறை

நானும் நண்பர்கள் மூவரும் பதிவு செய்த பாடலைத் தனியார் பண்பலை நிலையம் ஒன்று ஏற்றுக்கொண்டது என்று தெரிந்த அன்று எங்களில் யாருமே உறங்கவில்லை. அதற்கு மகிழ்ச்சி மட்டும் காரணமல்ல. ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த நேரம் இரவு இரண்டு மணி. அடுத்த ஆறு வாரங்களில் பாடல் ஐந்து முறை ஒலித்தது, ஐந்துமே விடியலுக்கு முன். காலையில் ஒலிபரப்பக் கூடாதா என்று நேரில் சென்று கேட்டபோது, அறிமுகமில்லாத பாடலைக் கேட்டால் நேயர்கள் வேறு நிலையத்துக்கு மாறிவிடுவார்கள் என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பொறுமையாகவே விளக்கினார். ஒலிக்காத பாடல் எப்படி அறிமுகமாகும் என்று கேட்க வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

கனடாவில் 1971 முதல் ஏ.எம். வானொலிகள் 30 விழுக்காடு உள்நாட்டு இசையை ஒலிபரப்ப வேண்டியிருந்தது. சில நிலையங்கள் அந்தக் கணக்கை ஆளற்ற நேரத்தில் தீர்த்துக்கொண்டன. இன்று வெகுசன இசைக்கு அந்த அளவு 35 விழுக்காடு. வார நாட்களில் காலை 6 முதல் மாலை 6 வரையிலும் அதே அளவை எட்டியாக வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையின் அருமையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

*

மேலே எழுதிய நண்பர் சந்தித்தவரின் வேலையை, வேறொரு நிலையத்தில், நான் சில ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். எந்தப் பாடல் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதை, நாங்கள் பிரித்துக் கொடுக்கும் பிரிவுகளை வைத்து மென்பொருள் அடுக்கும். அடிக்கடி ஒலிக்கும் முதல் பிரிவில் இடம் பெறவோ, பாடலின் சில நொடிகளை நேயர்களுக்கு ஒலிக்கவிட்டு அவர்கள் கருத்தைக் கேட்கும் ஆய்வில் தேற வேண்டும். அதில் பெரும்பாலும் ஏற்கெனவே கேட்ட பாடலே தேறும். ஒருமுறை துணிந்து ஓர் உள்ளூர்ப் பாடலை நான்கு வாரம் முதல் பிரிவிலேயே வைத்திருந்தேன். முதல் வார ஆய்வில் அடிமட்டத்தில் கிடந்த அது, நான்காம் வாரம் நடுவரிசைக்கு வந்துவிட்டது.

பிறகு நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும்: எங்கள் நிலையத்தில் உள்ளூர் இசைக்கென்று இருந்த பங்கை அதே நான்கைந்து பாடல்களைத் திரும்பத் திரும்பப் போட்டே நிரப்பினேன். பிரெஞ்சு மொழிப் பாடல்களுக்கு 40 விழுக்காடு கேட்கும் பிரான்சின் 1994 சட்டத்தில், 2016-இல் ஒரு திருத்தம் வந்தது. அதிகம் ஒலிக்கும் பத்துப் பாடல்கள் பிரெஞ்சுப் பாடல் ஒலிபரப்புகளில் பாதிக்கு மேல் போனால், மிகுதி கணக்கில் சேராது. அதைப் படித்தபோது என் கணினியை யாரோ எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்: குரல் தொடங்குவதற்கு முன் உங்கள் பாடலில் எத்தனை நொடி இசை ஓடுகிறது? காலை நேரத்தில் எங்களுக்குப் பதினைந்து நொடியே அதிகம்.

*

நாற்பத்தெட்டு. வானொலிக்கென்று குறுக்கிய வடிவம் ஒன்றை இந்த வாரமே தயாரிக்கிறோம்.