கிண்டியா, யு.வி.சி.இ.யா? நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்கியவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பெங்களூர் அல்சூர், பூர்வீகம் திருவண்ணாமலைப் பக்கம். மகள் முழுக்க இங்கேயே படித்து இந்த வருடம் பி.யூ.சி. (இங்கத்திய பிளஸ் டூ) முடித்திருக்கிறாள், கர்நாடக நுழைவுத் தேர்வான சி.இ.டி.யும் எழுதிவிட்டாள். இங்குள்ள அரசுப் பொறியியல் கல்லூரியான யு.வி.சி.இ. கிடைத்தால் கே.ஆர். சர்க்கிளுக்கு மெட்ரோவிலேயே போய்வரலாம். 1917-ல் விசுவேசுவரய்யா தொடங்கியது, அரசுக் கட்டணம், எனக்கு அதுவே போதும்.

அவளுக்கோ சென்னை கிண்டி பொறியியல் கல்லூரிதான் வேண்டுமாம். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். இங்கே பி.யூ. மதிப்பெண் பாதி, சி.இ.டி. மதிப்பெண் பாதி. அவள் பி.யூ.வில்தான் வெளுத்து வாங்கியிருக்கிறாள். “பெங்களூரை விட்டு மெட்ராஸ் வெயிலுக்கா?” என்கிறார் மாடி வீட்டு அண்ணன். அது கிடக்கட்டும்.

சிக்கல் நேட்டிவிட்டி சான்றிதழில், அதாவது பூர்வீகம் தமிழ்நாடுதான் என்பதற்கான சான்றில். வெளி மாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம். இ-சேவையில் போட்ட மனு நகரவே இல்லை. ஊரில் ரேஷன் கார்டு இல்லையே என்கிறார்கள். தாத்தா பெயரில் பட்டாவும், என் பள்ளி டி.சி.யும் இருக்கின்றன. இது போதுமா? இங்கிருந்து வாங்கியவர்கள் என்னென்ன இணைத்தீர்கள்? அப்புறம், ஒரிஜினல் டி.சி.யை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு, இன்னொரு கவுன்சிலிங்கில் இடம் கிடைத்தால் திரும்ப வாங்குவது எப்படி?