புதுப்பிப்பு: கொடியேற்றத்துக்குப் போனேன்

போன வாரம் எழுதியதை வாசிக்காதவர்களுக்கு: ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீட்டுக்கு நூறு ரூபாய் கேட்டார்கள். நீலகிரி மாவட்டக் கூடலூரிலேயே பிறந்த என்னையும் 'சிலோன்காரன்' என்கிற ஊரில் எனக்கென்ன கொண்டாட்டம் என்று புலம்பியிருந்தேன். 'அப்பாயியைக் கேளுங்கள்' என்றீர்கள். அப்பாவின் அம்மாதான் அப்பாயி; கேட்டேன்.

அப்பாயி எதையும் வரிசையாகச் சொல்லாது. சாயத்தண்ணியை (பால் சேர்க்காத தேநீரை) உறிஞ்சிக்கொண்டே துண்டு துண்டாகத்தான் வரும். 1948 பிப்ரவரி 4-இல் இலங்கைக்குச் சுதந்திரம். அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் அப்பாயியும் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் இந்தக் குளிர்.

"அங்க சுதந்திரம் வந்தப்ப நாம யாரும் இல்லன்னுட்டாங்க. இங்கதான்டா ஒரு காயிதத்துல என் பேரு இருந்துச்சு" என்றது.

சரி என்று போனேன். கூடலூர் ஆகஸ்ட் மழை தெரியுமே, கொடி நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. பேசியவர் 'வந்தாரை வாழவைத்த மண்' என்று ஆரம்பித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் வந்தவர்களா, திரும்பியவர்களா? தேசிய கீதத்துக்கு நின்றேன், மிட்டாய் வாங்காமல் நழுவினேன்.

அப்பாயி இரண்டு வாங்கி, ஒன்றை என் சட்டைப்பையில் போட்டுவிட்டது.