காலையில் போனை டிராயரில் போடலாமா? திருப்பூர் ஆபீஸ்காரர்கள் சொல்லுங்கள்

நூல்கண்டு:
எங்கள் பனியன் எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர்கள், அதாவது ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்துக்கொள்கிறவர்கள், காலை ஒன்பதரையில் இருந்து பதினொன்றரை வரை போனை டிராயரில் போட்டுவிடுகிறோம். பக்கத்து சீட்டுக்குப் போய் "ஒரு நிமிஷம்" என்று கூப்பிடுவதும் கிடையாது. எல்லா ஆபீசுக்கும் இது வேண்டும். காரணம் கோஸ்டிங், அதாவது ஒரு பீசுக்கு என்ன செலவாகும் என்று போடும் கணக்கு. ஒரு டி-ஷர்ட்டுக்கு 180 கிராம் துணி என்று போட வேண்டிய இடத்தில் 170 என்று விழுந்தால், துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பீசுக்கு 4 ரூபாய் போச்சு. 50,000 பீஸ் ஆர்டரில் 2 லட்சம். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், வேஸ்டேஜ் என்று வரிசையாக ஏறும் கணக்கில், நடுவே ஒருவர் "பட்டன் வந்துருச்சுங்களா?" என்றால் எந்த வரியில் விட்டோம் என்பதே மறந்துவிடும். வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கும் பையருக்காகக் காலையில் போனை எடுக்கிறோம் என்றும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அவர்கள் ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மதியம். காலைத் தொந்தரவு முழுக்க நமக்கு நாமே கொடுத்துக்கொள்வது.

சாயக்காரன்:
நீங்களே இல்லைங்க, சாயப்பட்டறைக்காரர்கள் நாங்களும்தான் தொந்தரவு. அதையும் சொல்லுங்கள். சாஃப்ட்ஃப்ளோ என்கிற சாயம் போடும் மெஷினில் துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு வெட்டி, அலசி, அயர்ன் போட்டுக் காயவைத்து, பையனிடம் பைக்கில் கொடுத்து அனுப்புகிறோம். நீங்கள் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில், பையர் ஒப்புக்கொண்ட ஷேடுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம். அதற்காக அவன் ரிசப்ஷனில் பதினொன்றரை வரை உட்கார வேண்டுமா? அதுவரை மெஷின் சூடாக நிற்கிறது, அடுத்த லாட் வெளியே கிடக்கிறது. நீங்கள் கவனத்தைக் காப்பாற்றிக்கொள்ள, நஷ்டம் எங்கள் தலையில்.

பீளமேடு மில்லிங்:
நான் கோயமுத்தூரில் சி.என்.சி. புரோகிராம், அதாவது இரும்பு வெட்டும் கம்ப்யூட்டர் மெஷினுக்கான கட்டளைகள், எழுதுகிறவன். நூல்கண்டு சொல்வது சரி. பம்ப் கேசிங்குக்கு ஆஃப்செட் (டூல் எங்கிருந்து அளக்க வேண்டும் என்ற எண்) போடும்போது ஒரு மைனஸ் குறி விட்டுப்போனால், டூல் நேராகப் பொருளைப் பிடித்திருக்கும் வைஸில் போய் இடிக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொல்கிறார்: ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஷிப்பிங் செக்‌ஷன்:
ஆய்வு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. குளோரியா மார்க் குழுவினரின் 2008 சோதனையில், குறுக்கீடு இருந்தவர்கள்தான் வேலையைச் சீக்கிரம் முடித்தார்கள். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பும் நாளில் என்னால் போனை டிராயரில் போட முடியாது.

பீளமேடு மில்லிங்:
அதே சோதனையில் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்ததே. அதைவிட்டு மீதியைச் சொல்கிறீர்கள். வருஷக்கணக்கில் அப்படியே வேலை பார்க்க முடியுமா?

ஜூனியர் மெர்ச்சண்டைசர்:
நான் சொல்ல நினைத்தது அதுதான். எம்.டி. கேபின் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. மெசேஜுக்குப் பத்து நிமிடம் பதில் போடாவிட்டால் "பொறுப்பில்லை" என்ற பேர் வந்துவிடும். ஆபீஸே நேரம் ஒதுக்கினால்தான் சின்ன ஆட்களுக்குக் கிடைக்கும். ஆனால் சாயக்கார அண்ணா சொல்வதும் நியாயம். மெஷின் நிற்கிறது என்றால் போன் பண்ணட்டும், மற்றதெல்லாம் மெசேஜ். அன்றைக்கு ஷேடு பார்ப்பதற்கென்று ஒருவர் மட்டும் போனை வெளியே வைத்திருக்கட்டும், முறை வைத்து.

நூல்கண்டு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணுக்கு பட்டன், லேபிள், பாலிபேக் என்று எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் பழைய கதை ஆகிவிடும். ஷேடுக்கு மட்டும்தான்.

சாயக்காரன்:
ஷேடுக்கு மட்டும், சரிங்க. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு, இல்லாமல் இன்று எந்தப் பட்டறையும் ஓட முடியாது. 2011ல் உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை யாரும் மறக்கவில்லை. ஷேடு தப்பி மறுபடி சாயம் போட்டால், அந்தத் தண்ணீர் முழுவதையும் சுத்திகரிக்கும் செலவும் சேரும். அதனால் அவசரத்தில் ஓரக்கண்ணால் பார்த்து "ஓகே" சொல்கிற ஆள் எனக்கும் வேண்டாம், ஒழுங்காகப் பார்க்கிறவர் வேண்டும். அவர் லீவு போட்டால் கூப்பிட இரண்டாவது எண்ணையும் கொடுங்கள். இரண்டும் கைக்கு வந்தால், பதினொன்றரை வரை எங்கள் பட்டறையில் இருந்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜும் வராது.