புதுப்பிப்பு: போட்டிக்கு அனுப்பிய தோல் பை, ஓரம் நார் விட்ட பிரச்சினை தீர்ந்தது

நாதஸ்வரக்காரர் ஒருவருக்காக அளவெடுத்துத் தைத்த, சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாக்கு) போட்டு வைக்கும் பையைக் கைவினைப் போட்டிக்கு அனுப்பப் போகிறேன், வெட்டிய ஓரம் நார் நாராக நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. இரண்டாம் பரிசு கிடைத்தது.

ஓரத்துக்குப் பெயின்ட் அடித்துப் பார்த்தேன். மடக்கியதும் விரிசல் விட்டது. கைகொடுத்தது ஆம்பூர் அண்ணன் சொன்ன வழிதான்: குரோம் தோலை (குரோமிய உப்பில் பதனிட்டது) எவ்வளவு தேய்த்தாலும் ஓரம் படியாது, ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்கு மாறு. (2008-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ச் சரக்கு!) உப்புத்தாளால் சமன் செய்து, லேசாக ஈரம் தொட்டு, வழவழப்பான கட்டையால் சூடேறும்வரை தேய்த்து, மேலே தேன்மெழுகு. விரலை ஓட்டினால் இரண்டு தோல் ஒட்டிய இடமே தெரியவில்லை.

எதிர்பாராதது, நடுவர்கள் முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சைத் தேடினார்கள். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைத்ததால் இரு பக்கமும் ஒன்றுபோல இருந்தது, தப்பித்தேன்.

அப்புறம், ஜன்னலோர மேசையில் வைத்ததில் வெயில் பட்ட பக்கம் சிவந்துவிட்டது. ஆவாரம் தோலின் குணம் அது. கடைசியில் கடுக்காய் ஏற்றிய தோல் அவ்வளவு சீக்கிரம் சிவக்காது, கேட்டு வாங்குங்கள். போட்டி நாள்வரை துணியில் சுற்றி வைப்பதும் நல்லது.